தென்னையில் நான் போட்ட கட்டு

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் நடந்தது. இப்போது ஃபைபர் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேரையும் அழைத்திருந்தோம். டீயும் காராச்சேவும் முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து, என் சர்வீஸிலேயே ரொம்பப் படுத்திய ஃபால்ட் எது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மழைக்காலத்தில் கேபிள் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பி ஒட்டிய கதையை ஆரம்பித்தேன். நல்ல கதைதான். சொல்லிச் சொல்லித் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, பின்வரிசையில் இருந்த ஜாஸ்மின், சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, அந்தத் தென்ன மரத்து ஃபால்ட்ட விட்டுட்டீங்களே" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த ஃபால்ட் என் சர்வீஸில் வந்ததல்ல. ஓய்வு பெற்று, தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிப் பழகிய பிறகு வந்தது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சர்வீஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொலைபேசி இலாகாவில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்து, குழி வெட்டி, கம்பம் நட்டு, மதுரையில் ஆறு மாதம் பயிற்சி என்ற பெயரில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று கம்பி நிறங்களை ஒப்பித்து, லைன்மேன் ஆனேன். எனக்கென்று ஒரு பெயர் உண்டானது கட்டுப் போடுவதில். கம்பத்தில் மிச்சக் கேபிளை வெட்டி எறியக் கூடாது. நாளைக்கு எங்காவது அறுந்தால் இழுத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காகச் சுருட்டிக் கட்டி வைப்போம். மற்றவர்கள் சுருட்டினால் குருவிக்கூடு மாதிரித் தொங்கும். நான் சுருட்டினால் சின்னதாக, உள்ளங்கை அகலத்துக்கு, இறுக்கமாக, கம்பத்தோடு கம்பமாக இருக்கும். ராஜபாளையம் முழுக்க, கட்டைப் பார்த்தே இது இன்னார் வேலை என்று சொல்வார்கள். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் தலை நிமிர்ந்தே நடந்தேன்.

எனக்கு முதல் அதிகாரி ராஜா சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. ஃபால்ட் என்று போனால் எடுத்தவுடன் கருவிப்பையைத் திறக்க மாட்டார். அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். உட்காருவார். எப்போது போகிறது, போகும்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மழை பெய்ததா, வெயிலா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பொண்ணு பார்க்க வந்தவர்கூட இவ்வளவு கேட்க மாட்டார். எனக்குக் கை பரபரக்கும். அவர் கேட்டு முடித்துப் பையைத் திறக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தெலுங்கில் ஒரு வார்த்தை முணுமுணுப்பார். அது திட்டா, சாமி பெயரா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும்போது, தேர் வீதிகளின் குறுக்கே போகும் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, தேர் நிலைக்கு வந்ததும் திரும்ப மாட்டுவோம். ஒரு வருஷம் அவசரத்தில் நான் இரண்டு ஜோடிக் கம்பியை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டிவிட்டேன். ஒன்று கல்யாணத் தரகர் வீட்டு லைன், இன்னொன்று மாட்டு டாக்டர் வீட்டு லைன். தரகரைக் கூப்பிட்டுப் பொண்ணைப் பற்றி விசாரித்தவர்களிடம் டாக்டர், தீனி ஒழுங்காக எடுக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சம்பந்தமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். ஊரே சிரித்தது. தரகர் மட்டும் சிரிக்கவில்லை.

ராஜா சார் என்னைக் கூட்டிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனார். என்னைப் பேச விடவில்லை. "தப்பு எங்களோடது" என்று அவரே சொன்னார். ஆபீஸுக்குத் திரும்பி, ஃபால்ட் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில், "திருவிழா முடிந்து மாட்டும்போது எங்கள் ஆள் ஜோடி மாற்றியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேர் போடாமல் விட்டாரே என்று நன்றியாகவும் இருந்தது, இதை எழுதாமலே விட்டிருக்கலாமே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அவர் மாற்றலாகிப் போன பிறகு எழுதாமல் விடும் வித்தையை நாங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டோம். பதிவேட்டில் போடுவதற்கு எங்களிடம் ஒரு வாசகம் உண்டு: "சோதித்தபோது சரி." லைன் வந்து வந்து போகிறது என்று ஒருவர் புகார் கொடுப்பார். நாம் போகும் நேரத்தில் லைன் நன்றாக இருக்கும். எதனால் போனது, எப்போது போகும் என்று தேட ஒரு நாள் முழுக்க ஆகும். அந்த இரண்டு வார்த்தையைப் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். பொய்யும் இல்லை, சோதித்தபோது சரியாகத்தானே இருந்தது. அப்படி நான் மூடிய புகார்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வேலை வேகமாக நடக்கிறது என்று பாராட்டு வாங்கினேன்.

இனி அந்தத் தென்னை மரத்து ஃபால்ட்டுக்கு வருகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ரெங்கசாமிக்குத் தளவாய்புரத்தில் வீடு. கீழ்த்தளத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி. காலையில் மெஷின்களை ஓட்ட ஆரம்பித்தால் சாயந்திரம்வரை மாடியில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். அவனுடைய மருமகள் மகேஸ்வரி, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குவாய் உள்ளவர்களுக்கும் பேச்சு தாமதமான பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்தபடியே சொல்லிக்கொடுப்பாள். சென்னையில் உள்ள ஒரு மையத்தில் சம்பளம். புருஷன் வளைகுடாவில். மகள் ஒன்றாம் வகுப்பு. அந்த மெஷின் சத்தத்தில் பேச்சு வேலை எப்படிப் பார்ப்பது? அதனால் ரெங்கசாமி மலையடிவாரத்தில் இருக்கும் தன் தென்னந்தோப்பில், பம்ப்செட்டைத் தாண்டி ஒரு அறை கட்டி, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, மருமகளுக்கு ஆபீஸ் என்று கொடுத்தான். சத்தமே இல்லாத இடம். மயில் கத்தினால்தான் உண்டு. செல்போன் சிக்னலும் இல்லை, மலை மறைக்கிறது.

ரோட்டுக் கம்பத்திலிருந்து அறைவரை இன்டர்நெட்டுக்கு ஃபைபர் கேபிள் இழுக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்கு ஃபைபர் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் கம்பம்வரைதான் தன் பொறுப்பு, தோப்புக்குள் இழுப்பது உங்கள் பாடு என்றார். ரெங்கசாமி என்னைக் கூப்பிட்டான். "கம்பி இழுக்க ஒன்னய விட்டா எனக்கு யாருப்பா இருக்கா" என்று கேட்டான். அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். வரப்பு ஓரமாகத் தென்னை தென்னையாகக் கேபிளைக் கட்டிக்கொண்டே போனேன். நடுவழியில் ஒரு உயரமான தென்னையில் மிச்சக் கேபிளைச் சுருட்டி என் கட்டைப் போட்டேன். கீழே நின்று பார்த்தேன். சர்வீஸில்கூட அவ்வளவு அழகாக ஒரு கட்டு அமைந்ததில்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் ஜாஸ்மின் வந்து இரண்டு முனையையும் ஒட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது பங்குனி மாதம். ஒரு இலை அசையவில்லை. லைன் மூன்று மாதம் தங்கமாக ஓடியது.

ஆனி பிறந்ததும் ஆரம்பித்தது. மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். சில சமயம் அரை மணி நேரம் ஆகும். சாயந்திரம் வீட்டுக்குப் போய் மகேஸ்வரி போன் செய்தால் மறுநாள் காலை நான் போவேன். பச்சை விளக்கு என்னைப் பார்த்து எரியும். பிளக்கைப் பிடுங்கி மாட்டுவேன், துடைப்பேன், எல்லாம் சரியாக இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டு வருவேன். மூன்றாவது முறை போனபோது அவள் சொன்னாள்: "சார், நீங்க வாரப்பல்லாம் நல்லாத்தான் இருக்கு. மத்தியானத்துக்குப் பொறவுதான் போகுது. ஒரு நா மத்தியானம் வந்து பாருங்களேன்." மத்தியானம் எனக்குத் தூக்க நேரம். நான் அதைச் சொல்லவில்லை. மத்தியானம்தான் கரண்ட் வோல்டேஜ் குறையும் என்று சொன்னேன். ரெங்கசாமி உடனே ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்தான். அப்போதும் போனது. மயில் வந்து கேபிளில் உட்காருகிறது என்றேன். அவளுடைய லேப்டாப் பழசு என்றேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். எனக்கு வாரம் ஒரு சாக்குக் கிடைத்தது.

கடைசியாகத் தேங்காய் வெட்ட வரும் முனியாண்டி மேல் கைவைத்தேன். மரம் ஏறும்போது இவர்தான் கேபிளை இழுத்திருக்க வேண்டும் என்று ரெங்கசாமியிடம் சொன்னேன். முனியாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அய்யா, அந்தக் கட்ட நான் தொடவே இல்ல. தொட்டாலும் அவுக்க முடியாது. அம்புட்டு இறுக்கமாப் போட்டிருக்கீக." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ரெங்கசாமி அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இளைத்தவன் தலையில் மிளகாய் அரைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் மகேஸ்வரி வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சென்னை மையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றாள். இந்த மாதக் கடைசிக்குள் லைன் நிலையாக வேண்டும், இல்லாவிட்டால் சென்னைக்கே வந்து மையத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், முடியாது என்றால் விலகிக்கொள்ளலாம். சென்னைக்குப் போனால் ஹாஸ்டல்தான். மகளை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்பாவைத்தான் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறது பிள்ளை, அம்மாவும் அப்படி ஆக வேண்டுமா என்று கேட்டாள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"வேலை போறதுகூட இருக்கட்டும் சார்," என்றாள். "எங்கிட்ட ஒரு பொண்ணு வருது. திக்கும். அவளுக்கு ஒலகத்துலயே கஷ்டமான வார்த்த அவ பேருதான். அதச் சொல்ல வாயத் தொறந்தா அப்படியே நின்னுருவா. நான் பேசாம காத்திருக்கணும். அதான் என் வேலையே. போன வாரம் அவ நின்னா, நான் காத்திருந்தேன். பாத்தா லைன் போயிருக்கு. அவளும் அந்தப் பக்கம் திக்கித்திக்கிப் பேசி முடிச்சிட்டு நிமிர்ந்து பாத்தா நான் இல்ல. 'நீங்களும் எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்'னு எழுதி அனுப்பினா. எல்லாரும் அப்படித்தான் பாதியில எந்திரிச்சுப் போவாங்களாம்."

அதற்குப் பிறகு எனக்கு எப்படி மத்தியானம் தூக்கம் வரும்? மறுநாள் சோற்றைக் கட்டிக்கொண்டு காலையிலேயே தோப்புக்குப் போனேன். அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, ஜன்னல் வழியே மோடம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். காலை முழுக்கப் பச்சை. சோறு தின்றேன். பச்சை. இரண்டு மணிக்குமேல் மலையிலிருந்து காற்று இறங்கியது. ஆனி ஆடியில் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் இந்தக் காற்று அடிக்கும்போது நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன். தோப்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சாயும்போது சிவப்பு எரிந்தது. காற்று ஓய்ந்ததும் பச்சை வந்தது. மறுபடி காற்று, மறுபடி சிவப்பு. என் கண் முன்னாலேயே நடந்தது. மகேஸ்வரி உள்ளே அந்த நேரத்தில் ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தவள், லேப்டாப்பை மூடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜாஸ்மினுக்கு ஆள் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மீட்டர் பெட்டியோடு வந்தாள். ஆட்டுக்குட்டி அளவு பெட்டி. அறைப் பக்கத்து முனையை மோடத்திலிருந்து கழற்றி அதில் மாட்டினாள். கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, எந்தத் தூரத்தில் அது குறைகிறது என்று அந்தப் பெட்டி கோடு போட்டுக் காட்டும். திரையைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாங்க அண்ணாச்சி, நடப்போம் என்றாள். வரப்பில் அடியெண்ணிக்கொண்டு நடந்தோம். எண்ணிக்கை முடிந்த இடத்தில் அந்த உயரமான தென்னை நின்றது. அதில் என் கட்டு இருந்தது.

கம்பத்தில் போட்டால் கட்டு ஆடாது. தென்னை ஆடும். காற்றில் மரம் சாயும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த சுருள் இன்னும் இறுகியது. ஏணி வைத்து ஏறிய ஜாஸ்மின் சுருளுக்குள் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டாவது விரல் நுழையவில்லை. மேலிருந்தபடியே சொன்னாள். "செம்புக் கம்பிய எப்படி மடக்கினாலும் கரண்ட் பாஞ்சிரும் அண்ணாச்சி. இதுல வெளிச்சம்லா போகுது. இம்புட்டு மடக்கினா வளைவுல வெளியே கசிஞ்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒட்ட வந்த அன்னைக்கே நான் இதப் பாத்திருக்கணும், நடந்து வரல" என்றாள்.

அறைக்கு ஆள் போய்க் கேபிளை மோடத்தில் திரும்ப மாட்டியதும் அவள் கட்டை வெட்டினாள். சுருள் மூச்சு விட்ட மாதிரி விரிந்தது. காற்று ஓயவே இல்லை. மரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அறையிலிருந்து மகேஸ்வரி பச்சை என்று குரல் கொடுத்தாள். ஜாஸ்மின் ஒரு முழ அகலத்துக்கு வட்டமாகச் சுருளை விட்டு, தொளதொளவென்று கட்டினாள். என் கண்ணுக்கு அது குருவிக்கூடு மாதிரிதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக நான் பெருமைப்பட்ட ஒரே விஷயம் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. காற்றில் கண்ணில் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

லைன் சரியாகிவிட்டது, ஆனால் மையம் ஒத்துக்கொள்ள வேண்டுமே. இதுவரை எதனால் போனது, இனிமேல் போகாது என்பதற்கு என்ன உறுதி என்று, லைன் போட்டவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று கேட்டார்கள். மறுநாள் அந்த அறையில் நான் சொல்லச் சொல்ல மகேஸ்வரி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. ரெங்கசாமியும் கூட இருந்தான். காத்துனால போச்சுன்னு எழுதிருவோம்பா, காத்து மேல யாரு கேஸ் போடப் போறா என்றான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஓய்வூதியர் சங்கத்தில் எனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. நாலு வீட்டுக்கு நான் சொல்லித்தான் லைன் இழுக்கிறார்கள். எனக்கும் அது நல்ல வாசகமாகப் பட்டது. பொய்யும் இல்லை, காற்று அடித்தபோதுதானே போனது.

"பருவக்காற்றின் காரணமாக" என்று ஆரம்பித்தேன். மகேஸ்வரி தட்டச்சு செய்யவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், காத்துன்னு எழுதினா, அடுத்த வருசம் காத்து வராதான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. காற்று காரணம் என்றால் தோப்பு வேலைக்கு உதவாது என்று ஆகிவிடும், அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தப்பு என்னுடையது என்றால்தான் அதைத் திருத்தியாயிற்று என்று சொல்ல முடியும். அவள் இங்கே இருப்பதற்கு ஒரே வழி என் தப்புதான். ரெங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதும்மா என்றேன்.

லைன் போட்டது நான். செம்புக் கேபிளுக்குக் கட்டுகிற மாதிரி ஃபைபரை இறுக்கிக் கட்டினேன். அது தப்பு. ஆறு முறை பார்க்க வந்தும் ஃபால்ட் வரும் நேரத்தில் ஒரு முறைகூட வரவில்லை. அதுவும் தப்பு. மரம் ஏறுகிறவர் மேலும் மின்சாரத்தின் மேலும் இந்த அம்மாவின் லேப்டாப் மேலும் பழி போட்டேன். அவை எதிலும் குறை இல்லை. இப்போது கட்டை மாற்றி, காற்று அடிக்கும் நேரத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறோம். இதுதான் நான் சொன்னது. முப்பத்துச் சொச்சம் வருஷ சர்வீஸையும் சேர்த்து, காரணம் என்ற இடத்தில் நான் உள்ளபடி எழுதியது அதுதான் முதல் தடவை. கையெழுத்துப் போட்டேன். மகேஸ்வரி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மையத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. மாதக் கடைசிவரை பார்ப்போம், அதற்குள் ஒரு முறை அறுந்தாலும் முடிவு பழைய முடிவுதான். எதிரே ஆடிக் காற்று நின்றது.

நடுவில் முனியாண்டி வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. "நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா, இறுக்கமா இருக்குன்னு" என்றார். ஆமாம், சொன்னீர்கள் என்றேன். ஒரு தேங்காய் வெட்டு தவறிப்போன கூலியை ரெங்கசாமி கொடுத்தனுப்பியிருந்தான். அதை வாங்கிக்கொண்டார். என் மன்னிப்பை வாங்கிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

அந்த மாதம் முழுக்க மத்தியானங்களில் நான் அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வர வேண்டாம் சார் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். வீட்டிலிருந்தால் இருப்புக் கொள்ளாது என்றேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது காற்று வெறி பிடித்து அடித்தது. மட்டைகள் விழுந்தன. தோப்பு முழுக்க இரைச்சல். உள்ளே மகேஸ்வரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை, அது என் வேலை இல்லை. அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

திடீரென்று குரல் நின்றுவிட்டது. எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். மோடத்தைப் பார்த்தேன், பச்சை எரிந்தது. நம்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தேன், பச்சைதான். மகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்தி, சும்மா இருங்கள் என்று காட்டினாள். அவள் கண் திரையில் இருந்தது. திரையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உறைந்துபோன படம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்போது அந்தப் பெண்ணின் கண் இமைத்தது.

மகேஸ்வரி காத்திருந்தாள். நானும் ஜன்னலை விட்டு நகராமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் பின்னால் அந்தப் பெரிய தென்னை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னாள். முதல் எழுத்தை நாலைந்து முறை முட்டி, முழுசாகச் சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் மகேஸ்வரி.